பின்னால் ஓர் ஆள் வேண்டும்

மச்சினன் மறுபடியும் ஒரு வாட்ச்மேன் வேலையோடு வந்து நின்றான். போன தடவை வங்கி, அதற்கு முந்தின தடவை அடுக்குமாடிக் குடியிருப்பு, இந்தத் தடவை மருந்துக் கிடங்கு. இடம்தான் மாறியதே தவிர தொப்பியும் தடியும் அதேதான். பகல் முழுக்க வாசலில் நிற்க வேண்டும், அங்கேயே ஓர் அறையில் படுத்துக்கொள்ள வேண்டும், ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரலாம். இதைச் சொல்லும்போது ஏதோ கலெக்டர் பதவியைக் கையோடு வாங்கி வந்தவன் மாதிரி அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“மாமா, அவங்களே கேட்டாங்க. மிலிட்டரிக்காரர்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க” என்றான்.

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பார்கள். திறந்து பார்த்திருந்தால் இந்த மனிதர் ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்களா? இவர் துப்பாக்கியோடு வாசலில் நின்றவர் இல்லை. லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷம் லாரி மட்டுமே ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம் என்றிருக்கும் மலைப்பாதையில் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு, சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிப் பனியில் ஏறி இறங்கியவர். காவலுக்கு நின்றது என்று பார்த்தால் பயிற்சிக் காலத்தில் சில வாரம் இருக்கும். அதிலும் ஒருமுறை நின்றபடியே தூங்கி மாட்டிக்கொண்டார். ஆனால் ஊர் உலகத்துக்கு ராணுவம் என்றால் வாசல், வாசல் என்றால் வாட்ச்மேன். அங்கே சமைத்துவிட்டு வந்தாலும் வாட்ச்மேன், முடிவெட்டிவிட்டு வந்தாலும் வாட்ச்மேன். இது எந்த ஊர் நியாயம்?

தெருவில் அவருக்குக் கான்வாய் என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய மனைவிதான். ராணுவ லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போவதற்குத்தான் கான்வாய் என்று பெயர். முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும் என்பது அங்கே விதி. மனிதர் அந்த விதியைச் சாலையோடு விட்டுவிட்டு வரவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் மனைவிக்குப் பின்னால் பத்தடி தள்ளியே நடப்பார். மருந்துக் கடை வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு குடும்பமே நிற்கும் அளவுக்கு இடம் விடுவார். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் புகுந்துகொள்வான், இவர் கடைசி ஆளாக வீடு திரும்புவார். பத்தடி தள்ளி நடக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா என்று அவள் கேட்காத நாளில்லை.

அப்படிக் கேட்டவள் போன வருஷம் சமையலறையில் விழுந்தாள். வாதம். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருக்கிற ஒரே சொத்து அதுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்த முதல் நாள், அந்தக் குடித்தனத்தில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. அறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு படி. நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துத்தான் அதில் இறக்க வேண்டும். இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னங்க ஆச்சு என்று கேட்டால், பின்னால் யாரும் இல்லையே என்றார்.

ராணுவத்தில் எந்த டிரைவரும் வண்டியைத் தனியாகப் பின்னால் எடுப்பதில்லை. பின்னால் ஓர் ஆள் இறங்கி நின்று, கண்ணாடியில் தெரிகிற மாதிரி கையைக் காட்டி வரலாம், நில் என்று சொன்னால்தான் சக்கரம் உருளும். ஆள் இல்லையென்றால் வண்டியும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படியே பழகிய உடம்பு, சக்கரம் வைத்த எதையும் தானாகப் பின்னால் நகர்த்தாது, அதில் உட்கார்ந்திருப்பது சொந்த மனைவியாகவே இருந்தாலும். அவள் வாய்விட்டுத் திட்டிப் பார்த்தாள். பிறகு தலைவாரும் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, அதை இடது கையில் உயர்த்திப் பிடித்து, அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வாசலைப் பார்த்தபடி, “வரலாம்... வரலாம்... நில்லுங்க” என்றாள். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி நாற்காலியின் பக்கப் பையிலேயே இருந்தது. வீட்டில் இரண்டு பேருமாகச் சிரித்த விஷயம் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

சிரிப்பு சோறு போடாது. ஓய்வூதியம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. கைகால் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணுக்குக் கொடுக்க வழியில்லை. பயிற்சியை நிறுத்தினால் கால் எழும்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆக, வேலை வேண்டும். ஆனால் கொழுந்தியாள் காலையில் வந்து அக்காவோடு இருந்துவிட்டு, பகல் இரண்டு மணிக்குத் தையல் கடைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குமேல் இவர்தான் வீட்டில் இருந்தாக வேண்டும். அரை நாள் லாரி வேலை கிடைத்தால் குடும்பம் நிற்கும்.

கிடைக்காவிட்டால்? அதற்கு மச்சினன் ஒரு திட்டம் வைத்திருந்தான். அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது, மாமாவைக் கிடங்கு வாசலில் நிறுத்துவது. கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. ஆனால் அவன் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஏறினால் அவள் இறங்கமாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லையில் ஓர் ஆள், வீட்டில் ஓர் ஆள் என்று காலத்தைத் தள்ளியவர்கள், இனியாவது ஒரே கூரையின் கீழ் இருப்போம் என்று வந்து உட்கார்ந்த நேரத்தில் ஆளுக்கொரு மூலை! மாதக் கடைசி ஞாயிறு வரைதான் பொறுப்பேன், அதற்குள் லாரி கிடைக்காவிட்டால் வண்டியோடு வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மனிதர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ராணுவ லைசென்ஸைக் கொடுத்து, தேர்வு எழுதி, கனரக வண்டி லைசென்ஸ் முறைப்படி வாங்கி வைத்திருந்தார். முதல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டாள். இருபத்திரண்டு என்றார். எந்தக் கம்பெனி என்றாள். ராணுவம் என்றார். அது கம்பெனி இல்லையே சார் என்று சொல்லி, அனுபவம் என்ற இடத்தில் பூஜ்யத்தைத் தட்டினாள். அவள் மேல் குற்றமில்லை, அந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் பெட்டியைச் செய்து வைத்தவனைத்தான் தேட வேண்டும்.

அடுத்த இடத்து முதலாளி இன்னும் ஒருபடி மேலே போனார். அங்கேயெல்லாம் ரோடு காலியாக இருக்கும், இஷ்டத்துக்கு ஓட்டியிருப்பீர்கள், இங்கே டிராஃபிக் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள் என்று விளக்கம் கொடுத்தார். மலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஓரம்கூட இருக்காது என்பது அந்த ஏசி அறைக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது இடத்தில் வாசலிலேயே, முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை என்று ஆளுயரத்துக்குப் பலகை. மனிதருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளே போனார், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். முன்னுரிமை எந்த வேலைக்கு என்று கேட்டார். வாட்ச்மேனுக்கு என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள்தான் பொரிந்து தள்ளினாள். “போர் வந்தா கையெடுத்துக் கும்பிடுவானுங்க, வேலை கேட்டு வந்தா கதவப் புடிச்சு நில்லுங்கறானுங்க. நீங்க ஏன் ஒண்ணும் சொல்லாம வந்தீங்க?” என்றாள். தண்ணீர் கொடுத்தார்களே என்று அவர் சொன்னதும், எட்டும் தூரத்தில் மட்டும் அவர் இருந்திருந்தால் இடது கையாலேயே ஒன்று வைத்திருப்பாள்.

கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. அவளுடைய துணிமணிகளைக் கொழுந்தியாள் முந்தின நாளே அழுதுகொண்டே ஒரு பையில் அடுக்கிக் கதவோரம் வைத்திருந்தாள். அவள்தான் ஒரு தகவலும் கொண்டுவந்தாள். தையல் கடைக்குப் போகிற வழியில் இருக்கும் மாவு மில்லில் அரை நாள் டிரைவர் தேவை என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். விடிந்ததும் மூட்டை ஏற்றிப் பேக்கரிகளுக்குக் கொண்டு போய்ப் போட்டால் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிடும். இவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி. மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள், நமக்கு அதுதான் நடக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். மனைவி அவரைக் குனியச் சொல்லி ஒற்றைக் கையால் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

மில் வாசலில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒரு வாட்ச்மேன். மேலாளரின் கார் வந்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாளைக்கு நீயும் இப்படித்தான் நிற்கப் போகிறாய் என்று அந்தச் சட்டை சொல்வது போலிருந்தது.

மேலாளர் இளைஞர், காதில் ஒட்டவைத்த போன். இருந்த டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டான், பேக்கரிக்காரர்கள் விடியற்காலையிலிருந்து கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். முற்றத்து நடுவில் நின்ற லாரியைப் பின்பக்கமாக எடுத்து, மூட்டை ஏற்றும் மேடையோடு சேர்த்து நிறுத்திக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

இவர் சாவியை வாங்கியதும் முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார், டயரைத் தட்டினார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். கல்யாண மாப்பிள்ளை பொண்ணு பாக்கறாரு என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பினார், ரிவர்ஸ் கியர் போட்டார். பின்விளக்கு எரிந்தது. கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

காத்திருந்தார்.

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுத்து, என்ன, வண்டி வராதா என்று கத்தினார். பின்னால் ஒரு ஆள் நின்றால் எடுத்துவிடுவேன் என்றார் இவர். அங்கிருந்த அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணாடி இருக்கிறது, கேமரா இருக்கிறது, ஆள் எதற்கு என்றார் மேலாளர். நியாயமான கேள்விதான். மனிதருக்கும் அது புரியாமல் இல்லை. கதவோரம் இருக்கும் பை கண்முன் வந்தது, மூன்றாம் மாடி வந்தது. எடுத்துத் தொலையேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் கிளட்சை மிதித்த கால் மேலே வரவே மாட்டேன் என்றது. வாழ்நாளெல்லாம் எந்தக் கால் சோறு போட்டதோ, அதே கால் இன்று அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டது.

போதும், இறங்குங்கள் என்று மேலாளர் கையை ஆட்டினார். வண்டியை அணைக்கப் போன இவர் கடைசியாக ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் நீலச் சட்டை நின்றது.

வாட்ச்மேன் கேட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, வண்டிக்குப் பின்னால், சரியான தூரத்தில், சரியான மூலையில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகியிருந்தார். இரண்டு கையையும் உயர்த்தி, உள்ளங்கையை நெஞ்சை நோக்கி மடக்கினார். வா. ராணுவ லாரிக்குப் பின்னால் தவிர உலகத்தில் வேறு எங்கும் யாரும் அப்படிக் கையைக் காட்டுவதில்லை. இவர் காலை எடுத்ததுகூட இவருக்குத் தெரியவில்லை. வண்டி தானாக நகர்ந்தது. இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம், நேர், வா, வா, முஷ்டி. நில். மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி. சிரித்தவர்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை, மூட்டையைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். லோடு போனால்தானே அவர்களுக்குக் கூலி.

இறங்கி வந்தவர் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். தன் வயசுதான் இருக்கும்.

“நீங்களுமா?” என்று கேட்டார்.

“நானும் ஓட்டினவன்தான். இங்க டிரைவர் வேலை கேட்டுத்தான் வந்தேன், கேட்டுல நிறுத்திட்டாங்க” என்றார் வாட்ச்மேன். “பின்விளக்கு எரியுது, பின்னால ஆள் இல்ல. எப்படிங்க சும்மா நிக்கறது?”

அதற்குள் மேலாளர் பாய்ந்து வந்துவிட்டார். இவரை நோக்கி இல்லை, வாட்ச்மேனை நோக்கி. கேட்டில் ஆளில்லாத நேரத்தில் ஏதோ ஒரு வேன் சோதனை இல்லாமல் வெளியே போய்விட்டதாம். யாரைக் கேட்டு இங்கே வந்தாய், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ, நாளையிலிருந்து வராதே என்று, பெற்ற தகப்பன் வயசுள்ள மனிதரை அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். வாட்ச்மேன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார். பிறகு மேலாளர் இவர் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது.

“லாரி உங்களுக்குச் சரிப்படாது பெரியவரே. தனியா எடுக்க முடியல பாருங்க. ஆனா கேட்டுக்கு இப்ப ஆள் வேணும். நீங்களும் மிலிட்டரிதானே? இவர் சட்டையே உங்களுக்குச் சரியா இருக்கும்.”

கேட்டீர்களா இந்த அநியாயத்தை? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறவன் சொல்கிற பேச்சா இது? இத்தனை அலுவலகத்திலும் வாயைத் திறக்காமல் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த மனிதருக்கு, அன்றுதான் உச்சந்தலைவரைக்கும் ஏறியது.

“பின்னால நிக்க ஒரு ஆள் வேணும்னு கேட்டேன். இத்தன பேர் இருக்கற எடத்துல இவர் ஒருத்தர்தான் வந்தார். அவர் சட்டைய உருவி எனக்கு மாட்டப் பாக்கறீங்க” என்றார். குரல் உயரவில்லை, ஆனால் மூட்டை தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். “எனக்கு அனுபவம் இல்லன்னு சொல்லுங்க, போயிடறேன். நான் ஒரு ஆளுக்குக் காத்திருந்தேன்னு சிரிங்க, அதுவும் பரவால்ல. ஆனா எவன் எடத்துல எவன நிறுத்தறீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. மிலிட்டரின்னா என்ன, கடையில தொங்கற சட்டையா, ஒண்ணு போனா இன்னொண்ண மாட்டிக்க?”

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பேக்கரிக்காரர். அந்தப் பக்கத்துக் கத்தல் இந்தப் பக்கம் வரை கேட்டது. லாரியில் லோடு முக்கால்வாசி ஏறிவிட்டது. முற்றத்தில் லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரை இப்போதுதான் போகச் சொல்லியாயிற்று, இன்னொருவர் கையில் சாவி இருக்கிறது.

இவர் அந்தச் சாவியை நீட்டினார். “அவர் கேட்டுல இருக்கட்டும், நான் லாரிய எடுக்கறேன். நான் பின்னால எடுக்கும்போது மட்டும் அவர் வந்து நிப்பார், அந்த நேரத்துக்குக் கேட்ட சாத்திட்டு வருவார். அது முடியாதுன்னா இந்தாங்க, நீங்களே கொண்டுபோய்ப் போடுங்க.”

மேலாளர் சாவியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அலறுகிற போனைப் பார்த்தார். சாவியைத் தொடவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். ஆனால் புது டிரைவருக்கு உண்டான சம்பளம்தான், அனுபவம் இல்லை பாருங்கள் என்று கடைசியாக ஒரு குத்தும் குத்தத் தவறவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் புது டிரைவர்! வயிறெரிய வேண்டிய விஷயம்தான். ஆனால் வீட்டில் ஒரு பை கதவோரம் உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார். வாட்ச்மேன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார். அவரைத் தாண்டி லாரி வெளியே வந்தபோது, இந்த முறை சல்யூட் அடித்தது டிரைவர்தான்.

அன்று போன ஒவ்வொரு பேக்கரியிலும் ஓர் ஆளைக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். ஒருத்தன் முறைத்தான், ஒருத்தன் கொட்டாவி விட்டான், ஒரு பெண் மட்டும் அழகாகக் கை காட்டினாள். மாவு அத்தனையும் இறங்கியது.

தலைமுதல் கால்வரை மாவோடு அவர் வீட்டுக்கு வந்தபோது கொழுந்தியாள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். நாளை மழை வரும் போலிருக்கிறது, அதனால் இன்றைக்கே வண்டி கொண்டுவந்துவிட்டேன் என்றான். அவன் தோளில் அந்தப் பை. அவள் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். வேலை கிடைத்துவிட்டது, லாரிதான், அரை நாள்தான் என்று இவர் சொன்னதும் கொழுந்தியாள் செருப்பை மாட்டாமலே நின்றுவிட்டாள். மச்சினன் மட்டும் நம்பவில்லை. எத்தனை நாளைக்கு மாமா, கிடங்கில் வேறு சொல்லி வைத்திருக்கிறேனே, எதற்கும் அக்கா கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டுமே என்று இழுத்தபடி எழுந்து போய் வாசலில் நின்றான்.

அவள் புருஷனின் மாவு படிந்த காலரைப் பார்த்தாள். பிறகு, “என்னங்க, வாசல்ல கொஞ்சம் காத்து வாங்கணும். அந்தக் கண்ணாடிய எடுங்க” என்றாள்.

கண்ணாடி நாற்காலிப் பையில் இல்லை. துணிமணிகளோடு அதையும் சேர்த்து, உடைந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் அடியில் கொழுந்தியாள் வைத்திருந்தாள். அவர் மச்சினன் தோளிலிருந்து பையை வாங்கினார். ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, மடித்து, அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தார். பை காலியானதும் அடியிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியதுதான் மிச்சம்.

அவள் அதை இடது கையில் உயர்த்திப் பிடித்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, சொல்லுக்காகக் காத்து நின்றார்.

“வரலாம்... வரலாம்...” என்றவள், “நில்லுங்க” என்றாள். “பின்னால என் தம்பி நிக்கறான். அவன ஒதுங்கச் சொல்லுங்க.”